கூண்டு என்னும் உறுப்பு

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து டேனரிகளில் தோலைத் தரம் பிரிக்கிறவர் அருகே ஒரு மணி நேரம் நின்றால் போதும், மாட்டின் கதை முழுதும் தெரிந்துவிடும். உண்ணி கடித்த புள்ளிகள், முள்வேலி கிழித்த கோடு, சூடு போட்ட தழும்பு, கடைசியில் உரித்தவர் கைதவறிப் போட்ட வெட்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விரலால் தடவி, அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருப்பார். சென்ற ஆண்டு ஒடுகத்தூரில் என் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பச்சை இகுவானாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த மனிதர்தான் நினைவுக்கு வந்தார். இதுவும் இன்னொருவர் வீட்டில் வளர்ந்து என்னிடம் வந்த உயிர். இதன் கதையையும் உடம்பில்தான் தேட வேண்டும். பெரும்பகுதி எலும்பில் எழுதியிருந்தது.

கொடுத்தவன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த உறவுக்காரத் தம்பி. 2021இல் ஒரு சாண் நீளக் குஞ்சாகச் சென்னையிலிருந்து வாங்கிவந்து ‘ராஜா’ என்று பெயர் வைத்திருந்தான். வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் என்னைத் தேடி வந்தான். “அண்ணா, நீங்க எடுத்துக்கறீங்களா? வேற யாருகிட்ட குடுத்தாலும் எனக்கு மனசு கேக்காது” என்றான். கண் கலங்கியிருந்தது. அவன் அதன்மேல் வைத்திருந்த பாசத்தில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பின்னால் எழுதப்போவது எதுவும் அவன் பாசத்தைக் குறை சொல்வதாக இருக்கக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் முதலில் கேட்டது காகிதங்களை. இகுவானா மத்திய, தென் அமெரிக்காவின் பிராணி. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நீண்ட காலம் நம் நாட்டு விலங்குகளை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தது. 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, சைட்டீஸ் பட்டியல் உயிரினங்களும் நான்காம் அட்டவணையாக அதற்குள் வந்தன. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இப்படிப்பட்ட உயிரை வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளம் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிய வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாத அவகாசம். புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாள். தம்பி அந்த அவகாசத்துக்குள் பதிந்திருந்தான். பதிந்திருக்காவிட்டால் நான் வாங்கியிருக்க மாட்டேன். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் துணிப்பைகளுக்குள் திணிக்கப்பட்ட ஊர்வன சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் செய்திகளை நாம் வாசிக்கிறோம். பிடிபடாமல் வெளியே வருபவை ஏதோ ஒரு வீட்டுக்குத்தான் போய்ச் சேர்கின்றன. காகிதம் இல்லாத பிராணியை இரக்கப்பட்டு வாங்குவதும் அந்தப் பெட்டிக்குக் கொடுக்கும் காசுதான்.

இந்த இடத்தில் நம்மூர் ஓணான், உடும்பைப் பற்றி ஒரு வார்த்தை. கூண்டைப் பார்த்த தெருக்காரர்கள் பலரும் “என்ன சார், உடும்பு புடிச்சு வச்சிருக்கீங்களா?” என்றே கேட்டார்கள். உடும்பு சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. பிடித்தாலோ கொன்றாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. ஒடுகத்தூர் வனச்சரகத்தை ஒட்டி வாழும் எங்களுக்கு இது ஏட்டுச் சட்டமில்லை. ஒரு காலத்தில் உடும்பு, பாம்புத் தோல்கள் சென்னை வழியாகக் கைப்பைகளாகவும் கடிகாரப் பட்டைகளாகவும் கப்பலேறின. அந்த வணிகத்தை நிறுத்தியது 1970களின் சட்டமும் ஏற்றுமதித் தடையும். பாம்புத் தோலை நம்பியிருந்த இருளர்களுக்காக 1978இல் விஷம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் உருவானது அதன் தொடர்ச்சி. நம் காட்டுப் பல்லிகள் எதையும் வளர்ப்புக்கென்று எடுக்காதீர்கள். மதிலில் தலையாட்டும் ஓணானை மதிலிலேயே பார்ப்பதுதான் அழகு.

சரி, மடியில் இருந்த ராஜாவுக்கு வருவோம்.

நல்ல நிலையிலுள்ள இகுவானா நடக்கும்போது வயிற்றைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளும். இது வயிறு தேய நடந்தது. உடம்பு ஒல்லி, ஆனால் தொடைகள் மட்டும் கொழுகொழுவென்று இருந்தன. “நல்லா சாப்பிடும்ணா, தொடையப் பாருங்க” என்று தம்பி பெருமையாகக் காட்டினான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கீழ்த்தாடையின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்தினேன். எலும்பு எதிர்க்க வேண்டிய இடத்தில் செருப்பின் ரப்பர் அடிபோல் நெளிந்து கொடுத்தது. இரண்டு விரல் நுனிகள் இல்லை. உரியாமல் ஒட்டிக்கொண்ட பழைய தோல் வளையமாக இறுகி, ரத்தம் போகாமல் உதிர்ந்த இடங்கள். மூக்கின் முனை கண்ணாடியில் உரசி உரசி மழுங்கியிருந்தது. வாலின் கடைசி அரையடி மட்டும் கறுத்து, முதுகு முட்கள் இல்லாமல் வழவழப்பாக இருந்தது. எப்போதோ அறுந்து வளர்ந்த வால் அது. புது வாலுக்குள் முள்ளெலும்பு இருக்காது, குருத்தெலும்புத் தண்டுதான் இருக்கும்.

தொடை பருத்ததற்கும் தாடை நெளிந்ததற்கும் காரணம் ஒன்றுதான். தசை அசைய, இதயம் துடிக்க, ரத்தத்தில் கால்சியம் ஓர் அளவுக்குக் கீழே போகக் கூடாது. போனால், பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கச் சொல்லும். வீட்டில் அரிசி தீர்ந்தால் விதைநெல்லில் கைவைப்பதுபோல. காலியாகும் இடத்தை உடம்பு நார்த்திசுவால் அடைத்து, எலும்புக்கு முட்டுக் கொடுக்கப் பார்க்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சதை பிடித்த தொடை. சென்னையில் ஒரு கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டியபோது, வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்புகள் புகைபோல மங்கியிருந்தன. ராஜா ராஜா அல்ல, ராணி என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

தம்பி அதைக் கண்ணாடி மீன்தொட்டியில், சன்னலோரம், வெயில் விழும் இடமாகப் பார்த்துத்தான் வைத்திருந்தான். வேலூர்ப் பக்கத்து வெயில்! சூரியன் இவ்வளவு தாராளமாகக் கொடுக்கும் ஊரில் ஒரு பிராணிக்குச் சூரியப் பஞ்சம் வந்தது எப்படி?

தோலில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருளை, 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர், அதாவது யுவி-பி, உடைத்து வைட்டமின் டி3-இன் முன்வடிவமாக்குகிறது. அந்த முன்வடிவம் உடம்பின் வெதுவெதுப்பில் மெல்ல டி3 ஆக மாறுகிறது. டி3 இல்லாமல் குடல் கால்சியத்தைச் சரிவர உறிஞ்சாது. இதில் முதல் படிக்கு யுவி-பி வேண்டும், இரண்டாம் படிக்குச் சூடு வேண்டும். சாதாரண சன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் வெப்பத்தையும் உள்ளே விடும், யுவி-பியைக் கிட்டத்தட்ட முழுதாக வெளியே நிறுத்திவிடும். நம் கண்ணுக்கு அந்தத் தொட்டி பளிச்சென்று இருந்தது. அதன் தோலுக்கு நாலு வருஷமும் இருட்டு. தொட்டிக்கு மேலே தொங்கிய 60 வாட் மஞ்சள் பல்பும் சூட்டைத்தான் கொடுத்தது.

இந்த இரண்டாம் படியைப் பற்றி 1995இல் மைக்கேல் ஹோலிக்கும் அவர் குழுவினரும் இகுவானாத் தோலை வைத்தே ஆராய்ந்தார்கள். 25 டிகிரியில் முன்வடிவத்தில் பாதி டி3 ஆக மாற வெறும் கரைப்பானில் 72 மணி நேரம் ஆனது. இகுவானாத் தோலில் 8 மணி நேரம்தான். தோல் செல்லின் சவ்வு அந்த மூலக்கூறைச் சரியான வாகில் பிடித்துக்கொடுத்து வேலையை விரைவாக்குகிறது. உள்ளிருந்து சூடு உண்டாக்க முடியாத உடம்பு, கிடைக்கும் கொஞ்சச் சூட்டில் காரியத்தை முடிக்கக் கற்றிருக்கிறது. இந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பல்லி இனத்தைக் ‘குளிர் ரத்தப் பிராணி’ என்று வகுப்பில் சொல்வதை அன்றே நிறுத்திவிட்டேன்.

அந்தச் சொல் தவறு என்பது 1944லேயே தெரிந்த விஷயம். ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகெர்ட் என்ற இரு அமெரிக்கர்கள் பாலைவனப் பாம்புகளையும் பல்லிகளையும் வைத்து, இவை கிடைத்த வெப்பத்துக்கெல்லாம் அடங்கிக் கிடப்பவை அல்ல என்று காட்டினார்கள். வெயிலுக்கு வந்து, நிழலுக்குப் போய், உடம்பைத் தட்டையாக்கி, திரும்பிப் படுத்து, ஒரு குறுகிய எல்லைக்குள் தங்கள் வெப்பத்தை நிறுத்திக்கொள்கின்றன. நமக்கு ஈரலும் தசையும் செய்கிற வேலையை அவற்றுக்குப் பாறையும் புதரும் செய்கின்றன.

இன்னும் வியப்பானது காய்ச்சல். 1970களின் நடுவில் மாத்யூ க்ளூகரும் உடன் பணியாற்றியவர்களும் பாலைவன இகுவானாக்களுக்குக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். நோயுற்றவை வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தன. குறைந்த வெப்பத்தில் அடைத்து வைக்கப்பட்டவற்றில் சாவு அதிகம். 40 டிகிரியிலோ அதற்கு மேலோ இருக்க வாய்த்தவை அதிகம் பிழைத்தன. ஆக, பல்லிக்கும் காய்ச்சல் வரும். அது நடந்துபோய் வாங்கிவரும் காய்ச்சல். போவதற்குச் சூடான மூலை இல்லாத கூண்டில் அதற்குக் காய்ச்சல் வர வழியே இல்லை.

அதனால்தான் கூண்டை ஓர் உறுப்பு என்கிறேன். நாயோ மாடோ எந்தக் கொட்டகையில் நின்றாலும் தன் அடுப்பைத் தனக்குள் வைத்திருக்கிறது. இகுவானாவின் அடுப்பு வெளியே இருக்கிறது. இடம் மாறும்போது அதன் உடம்பில் பாதிதான் கூடையில் வருகிறது. மறுபாதியை வாங்கிக்கொள்பவர் கட்ட வேண்டும். பிராணி வருவதற்கு முன்பே கட்ட வேண்டும். நான் அதைக் கட்ட இரண்டு வாரம் கேட்டேன், தம்பி பொறுத்துக்கொண்டான்.

தெருத் தச்சரிடம் “ஆறடி உயரம், ஆறடி நீளம், மூணடி அகலம்” என்றதும் “ஓணானுக்கா?” என்று இரண்டு முறை கேட்டார். உயரம் முக்கியம். இது மரத்தில் வாழும் பிராணி. நம் கண்மட்டத்துக்கு மேலே உட்கார இடமில்லாவிட்டால் அது நாள் முழுக்க அஞ்சிக்கொண்டே இருக்கும். அதன் உச்சந்தலையில், செதில்களுக்கு நடுவே, வெளிறிய கடுகு போல ஒன்று தெரியும். விழித்திரையும் வில்லையும் கொண்ட மூன்றாம் கண் அது. உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் தெரியும். மேலிருந்து நீளும் கை அதற்குப் பருந்தின் நிழல். எனவே கதவை மேலே வைக்காமல் பக்கவாட்டில் வைத்தோம். கை எப்போதும் கீழிருந்து, அது பார்க்கும்படி வர வேண்டும்.

சட்டம் மரம், சுற்றிலும் அரை அங்குல வெல்டு மெஷ். மூக்கு உரசாமல் இருக்க உள்பக்கம் கீழ் அரைப்பகுதிக்குப் பலகை அடித்தோம். கூண்டைக் கிழக்குத் தாழ்வாரத்தின் ஓரத்தில், பாதி கூரைக்குள்ளும் பாதி வெளியிலுமாக நிறுத்தினோம். வெயில் பக்கத்தில் கொய்யாக் கிளை ஒன்றைச் சாய்வாகக் கட்டினேன். நிழல் பக்கத்தில் புளியங்கிளை. எருக்கு, அரளி, ஊமத்தை மூன்றும் கூண்டுக்குள் மட்டுமல்ல, எட்டும் தூரத்தில்கூட இருக்கக் கூடாது. கூண்டின் நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்கின்றன. அம்மா சமையலறை அலமாரிக்கு எறும்பு ஏறாமல் வைத்த அதே ஏற்பாடு; கட்டெறும்புக் கூட்டம் ஓர் இரவில் ஒரு நோஞ்சான் பல்லியை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அளவுகளைச் சொல்கிறேன். வெயில் காயும் இடத்தில் 35 முதல் 38 டிகிரி, குளிர்ந்த மூலையில் 26, 27. இந்த இரண்டுக்கும் நடுவே அது நடந்து தேர்ந்தெடுக்க வேண்டும். சராசரி 31 என்று எங்கும் ஒரே சூடாக வைப்பது தேர்வையே பறிப்பது. சூடு மேலிருந்து வர வேண்டும். கடைகளில் விற்கும் சூடேறும் கல்லில் படுத்து, வயிறு வெந்தும் நகராமல் கிடந்த இகுவானாக்கள் உண்டு. காட்டில் சூரியன் மேலே இருப்பதால் அவை மேலிருந்து வரும் சூட்டுக்கே பழகியவை. பல்பு தொங்கவிட்டால் அதைச் சுற்றி வலை கட்டாயம். யுவி-பி குழல் விளக்கு பொருத்தினால் அது எரிகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். பல குழல்களில் வெளிச்சம் குறையாமல் இருக்கும்போதே 6 முதல் 12 மாதத்துக்குள் யுவி-பி தேய்ந்துவிடும். வாங்கிய தேதியை விளக்கின் மேலேயே எழுதி வையுங்கள்.

எனக்கு விளக்கின் தேவை மழைநாட்களில்தான். ஒடுகத்தூரில் மற்ற நாட்களில் வெயிலுக்குக் கெஞ்ச வேண்டியதில்லை. அதிகாலை வெயில் உடம்பைச் சூடாக்கும், ஆனால் தாழ்ந்த சூரியனிடம் யுவி-பி மிகக் குறைவு. காற்றுமண்டலத்தின் நீண்ட பாதையில் அது தொலைந்துவிடுகிறது. உச்சியில் நிறைய உண்டு, ஆனால் மே மாதத்து 40 டிகிரியில் நிழல் இல்லாத கூண்டு அடுப்பாகிவிடும். ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை எங்கள் நேரம். வெயிலில் உண்டாகும் டி3-க்கு ஒரு நல்ல குணம் உண்டு: அளவு மிஞ்சினால் அதே கதிரே உபரியை வேறு, தீங்கற்ற பொருட்களாக மாற்றிவிடும். வாய்வழி மருந்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

ஈரப்பதம்தான் எங்கள் ஊரில் பெரும்பாடு. இகுவானாவின் தாயகம் ஆற்றோரக் காடு; 60 சதவீதத்துக்கு மேல் ஈரம் கேட்கும். சித்திரை மதியத்தில் ஒடுகத்தூர்க் காற்று அப்பளம் காயவைக்கத்தான் உதவும். நிழல் பக்கம் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, தொட்டிச் செடிகள் வைத்து, நாளுக்கு மூன்று முறை தண்ணீர் தெளிக்கிறேன். கீழே உடம்பு முழுதும் முங்கும் அளவு ஒரு டப். அது குடிக்கும், குளிக்கும், பெரும்பாலும் அதிலேயே கழியும். எனவே தினமும் மாற்ற வேண்டும். ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி இருப்பது சகஜம். டப்பைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது, தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் எதையும் தொடக் கூடாது, ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடம் கொடுக்கவே கூடாது.

தம்பி வேகவைத்த முட்டை, பிஸ்கட், பாலக் கீரை கொடுத்து வந்தான். மூன்றும் தவறு. இகுவானா முழுச் சைவம். அதன் பெருங்குடலில் தடுப்புகளோடு கூடிய அறைகள் உண்டு. அங்கே நுண்ணுயிர்கள் இலையின் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து உணவாக்குகின்றன. மாவு புளிக்கச் சூடு வேண்டும் என்று தெரிந்த நமக்கு, உடம்பு 30 டிகிரிக்கு மேல் இல்லாவிட்டால் இதற்கு ஏன் செரிக்காது என்று விளக்க வேண்டாம். விலங்குப் புரதம் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் கெடும். பாலக்கிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். முருங்கைக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, கொஞ்சம் பரங்கிக்காய் என்று மாற்றினேன்.

இந்த நுண்ணுயிர்கள் குஞ்சுக்கு எங்கிருந்து வருகின்றன? பனாமாவில் ஆராய்ந்த கேத்தரின் ட்ராயர் 1982இல் விடை சொன்னார்: பொரித்துவந்த குஞ்சுகள் வளர்ந்த இகுவானாக்களைத் தேடிப் போய் அவற்றின் எச்சத்தைத் தின்கின்றன. தாய்ப்பால் கொடுக்காத இனத்தில் பெரியவர்கள் விட்டுச்செல்லும் சீதனம் அது. பண்ணையில் பொரித்து, பெரியது எதையும் பார்க்காமலே பெட்டியில் ஏற்றப்பட்ட குஞ்சுகளை நினைத்துப் பார்க்கிறேன்.

வந்த மூன்றாம் நாள் மகள் பதறிக்கொண்டு வந்தாள்: “அப்பா, ராணிக்குச் சளி புடிச்சிருக்கு, தும்மிக்கிட்டே இருக்கு.” மூக்கருகே பலகையில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. நக்கிப் பார்க்க வேண்டியதில்லை, உப்புதான். இலைகளில் வரும் பொட்டாசியத்தையும் மிகுதி உப்பையும் சிறுநீரில் தண்ணீரைச் செலவழிக்காமல் மூக்குச் சுரப்பி வழியே தும்மி வெளியேற்றுகிறது. பாலாற்றுப் படுகையின் கிணறுகள் டேனரி உப்பால் கரித்துப்போன பகுதியில் வாழ்கிறோம். அந்த மாசுக்கு எதிராக நடந்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. உப்பைத் துளித்துளியாகத் தும்மி வெளியே தள்ளும் அந்தச் சிறிய மூக்கை மகளுக்கு நெடுநேரம் காட்டிக்கொண்டிருந்தேன்.

பெண் என்று தெரிந்ததால் மணல்பெட்டி ஒன்றும் சேர்ந்தது. ஆண் துணை இல்லாமலும் அது முட்டையிடும், கரு இல்லாத முட்டைகளை. ஓர் ஈட்டில் 20க்கு மேல்கூட. தோண்ட ஈரமணல் இல்லாவிட்டாலோ கால்சியம் போதாவிட்டாலோ முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும்.

“இவ்ளோ பாடு எதுக்கு சார், ஆத்தோரம் விட்டுட்டா தானா பொழைச்சுக்கும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நல்ல மனதோடுதான் சொன்னார். பிழைத்துக்கொள்ளும் என்பதே பயம். உத்தரகாவேரிக் கரையின் சூடும் இலையும் அதற்குப் பிடிக்கும். ஃப்ளோரிடாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் தைவானிலும் வளர்ப்பு வணிகத்தில் வந்த இகுவானாக்கள் காடேறிப் பெருகி, இன்று தோட்டங்களையும் கரைகளையும் குடைகின்றன. ஃப்ளோரிடாவில் குளிர் அலை வந்தாலாவது விறைத்து மரத்திலிருந்து விழுகின்றன. ஒடுகத்தூரில் அப்படி ஒரு குளிர் எந்த ஆண்டும் வராது.

முதல் பத்து நாள் அது புளியங்கிளையின் நிழலிலேயே, மங்கிய பழுப்பில், கிடந்தது. நாலு வருஷம் ஒரே சூட்டில் இருந்த உடம்புக்குப் போகவும் வரவும் இடமிருக்கிறது என்று தெரியவில்லை போலும். பதினொன்றாம் நாள் காலை, தொடாமலே அளக்கும் வெப்பமானியை நீட்டியபோது அதன் முதுகு 25 காட்டியது. ஒன்பதரைக்கு அது மெல்ல இறங்கி, வயிறு தேயத் தரையைக் கடந்து, கொய்யாக் கிளையில் ஏறியது. உடம்பைத் தட்டையாக்கி வெயிலுக்குப் பக்கவாட்டில் திரும்பியது. 29. 33. பழுப்புக்குள்ளிருந்து பச்சை தெளிந்துகொண்டே வந்தது. 37 ஆனதும் வாயை லேசாகத் திறந்தது, பிறகு கிளையை விட்டு இறங்கி நிழலுக்குப் போனது. கால்மணி நேரம் கழித்துத் திரும்ப வந்தது.

இப்போது எட்டாம் மாதம். நடக்கும்போது வயிறு தரையில் படுவதில்லை. வாரம் ஒருமுறை எடை பார்க்கும்போது கீழ்த்தாடையின் ஓரத்தை அழுத்திப் பார்க்கிறேன். முன்பு நெளிந்த இடம் விரலைத் திருப்பித் தள்ளுகிறது. முருங்கைக் கொத்தைக் காம்போடு வைத்தால், காம்பைக் கடித்து முறிக்கும் சத்தம் உள்ளறை வரை கேட்கிறது. தம்பி வீடியோ அழைப்பில் முகத்தைக் காட்டச் சொல்வான். நான் போனைக் கூண்டருகே வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொல்கிறேன்.